உளவியல் படிக்கப் போன இடத்தில் எதற்கு இவ்வளவு கணக்கு?

வாசகியின் கடிதம்:

வணக்கம் அக்கா. நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள். அப்பா செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறார். அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. எஸ்.டி.பி.எம். தேர்வு முடித்து, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் உளவியல் கிடைத்துப் போனேன். முதலாண்டு முடிந்து இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறேன். மனிதர்களைப் புரிந்துகொள்ளப் போகிறோம் என்று ஆசையாகப் போனவளுக்குப் புள்ளியியல், ஆய்வுமுறை, வெள்ளைக்காரர்கள் செய்த சோதனைகள் என்றே ஒரு வருஷம் போய்விட்டது. புள்ளியியலில் சி பிளஸ்தான். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றே புரியவில்லை. அப்பா தினமும் வேலை முடிந்து குடிப்பார். படித்ததை வைத்து, "இது ஒரு நோய்ப்பா, சின்ன வயசுல தாத்தா உங்கள அடிச்சதுதான் காரணம்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. எதிர்வீட்டு அக்கா ஒரு ராத்திரி வந்து அழுதார். "நான் இருந்து என்ன ஆகப்போவுது, நீ படிக்கிறவதானே, ஒரு வழி சொல்லு" என்றார். எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. பாட்டி வேறு, அங்கே இருக்கிற மனநல மருத்துவமனையை நினைத்து, "தஞ்சோங் ரம்புத்தானுக்கு வேலைக்குப் போகவா இவ்வளவு படிப்பு" என்கிறாள். வேறு படிப்புக்கு மாறிவிடலாமா அக்கா? உங்கள் தங்கச்சியாக நினைத்துச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உன் படிப்பைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. அதற்கு முன்னால் எதிர்வீட்டு அக்கா. இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அவரைப் போய்ப் பார்.

"நான் இருந்து என்ன ஆகப்போவுது" என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், ஏதோ சலிப்பில் சொல்கிறார் என்று விட்டுவிடக் கூடாது. பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேள்: "அக்கா, செத்துப் போயிடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லாருக்கும் பயம் இருக்கிறது. அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்பதற்கு ஒரு ஆள் கிடைத்ததே என்று மனம்விட்டுப் பேசுகிறவர்கள்தான் அதிகம். ஆமாம் என்று சொன்னால், எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்றும் கேள். வீட்டில் தோட்டத்துப் பூச்சிமருந்தோ மாத்திரைகளோ இருந்தால் வேறொருவர் பொறுப்பில் கொடுத்துவைக்க வேண்டும். யோசித்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் அவரைத் தனியே விடாதே. சுங்கை சிப்புட் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அப்போதே அழைத்துப் போங்கள், ராத்திரியானாலும் சரி. "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்பார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிடாதே. "ஊர்ல பேச மாட்டேன்க்கா. ஆனா உங்க உயிருக்கு ஆபத்துன்னா சும்மா இருக்க மாட்டேன்" என்று சொல்.

அந்த அளவுக்கு இல்லை, மனசுதான் சரியில்லை என்றால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். நீயும் கூடப் போ. நம் பெண்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், "தலைவலி, நெஞ்சு படபடப்பு" என்று மட்டும் மலாயில் சொல்லி, பெனடோல் வலி மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்குகிறதா, எழுந்து வேலைக்குப் போக முடிகிறதா, சாகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பதையெல்லாம் அவரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. அந்தத் தாளை டாக்டர் கையில் கொடுத்தால், மேற்கொண்டு பார்க்க வேண்டிய இடத்துக்கு எழுதிக் கொடுப்பார். நடு ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண் 24 மணி நேரமும் உண்டு. சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.

முதலாண்டு முடித்த ஒரு மாணவி செய்யக்கூடியது இவ்வளவுதான். இது சின்ன வேலை இல்லை. அவருக்கு என்ன நோய் என்று பெயர் வைப்பதும், அதற்கு வழி சொல்வதும் உன் பொறுப்பல்ல. அன்றைக்கு உனக்குப் பதில் வராமல் போனதை நினைத்து நொந்துகொள்கிறாய். ஏதாவது ஒரு பதிலை அவசரமாகச் சொல்லியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

இனி உன் சி பிளஸ்.

உளவியலாளராக நான் பார்த்த பிள்ளைகளில் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றி. லயத்துப் பையன், தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வகுப்பில் வாயே திறப்பதில்லை, எழுத்து கோணலாகப் போகிறது. யாரோ அவனுக்கு மலாயில் நுண்ணறிவுச் சோதனை ஒன்றைச் செய்து, 68 என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அம்மா அந்தத் தாளைப் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். "இவனுக்கு மூளை வளர்ச்சி இல்லையாம், சிறப்பு வகுப்புல போடச் சொல்றாங்க" என்று அந்த உறையை நீட்டினார்.

68 என்ற அந்த எண் எங்கிருந்து வருகிறது? அந்தச் சோதனைகளில் சராசரி 100. திட்ட விலகல், அதாவது சராசரியிலிருந்து மதிப்பெண்கள் பொதுவாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்ற அளவு, 15. எழுபது என்பது சராசரிக்கு இரண்டு திட்ட விலகல் கீழே. நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய இரண்டு பேர்தான் அதற்கும் கீழே வருவார்கள். அதனால்தான் எழுபதைச் சுற்றி ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்தச் சோதனையிலும் அளவீட்டுப் பிழை என்று ஒன்று உண்டு. 68 என்று வந்தால் அவனுடைய உண்மையான நிலை அதற்கு ஐந்தாறு புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம், 73 ஆகவும் இருக்கலாம். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதையே அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. அப்புறம், நூறு என்ற சராசரி யாருடைய சராசரி? எந்த ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்து, எந்த மொழியில் கேட்டு எடுத்தது? வீட்டிலும் பள்ளியிலும் தமிழ் பேசி, மலாயை ஒரு பாடமாக மட்டும் படிக்கிற பிள்ளையிடம் மலாயில் சொற்பொருள் கேட்டால், சோதனை அளப்பது அவன் அறிவையா, அவனுடைய மலாயையா?

இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து பார்த்தோம். முதலில் காது. ஒரு பக்கம் சரியாகக் கேட்கவில்லை, சின்ன வயதிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருந்த காது. பேச்சு தேவைப்படாத, வடிவங்களை அடுக்குகிற பகுதிகளை அவன் வயதுப் பிள்ளைகளைப் போலவே செய்தான். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி மீதிக் காசை எண்ணி வாங்கிவருகிறான், தங்கச்சியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்குக் கிளப்புகிறான் என்று அம்மா பேச்சுவாக்கில் சொன்னார். அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று முடிவு செய்ய எண் மட்டும் போதாது, அன்றாடக் காரியங்களை அந்தப் பிள்ளை எப்படிச் சமாளிக்கிறது என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆகவே அந்தத் தாளில் இருந்த முடிவு நிற்கவில்லை. அவனுக்குத் தேவைப்பட்டது காது டாக்டரும், முன்வரிசையில் ஓர் இடமும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தனிப் பயிற்சியும்.

தங்கச்சி, அந்தப் பையனுக்காக நான் பயன்படுத்தியது முழுக்க நீ சி பிளஸ் வாங்கிய பாடம். திட்ட விலகல், அளவீட்டுப் பிழை, மாதிரி (யாரை வைத்து எடுத்த கணக்கு), நம்பகத்தன்மை (திரும்ப அளந்தாலும் அதே வருமா), ஏற்புடைமை (அளக்க வந்ததைத்தான் அளக்கிறதா). பரிவு எனக்கு இருந்தது, அவனை அனுப்பிய ஆசிரியைக்கும் இருந்தது. அந்தத் தாளோடு வாதாடப் பரிவு உதவவில்லை, புள்ளியியல் உதவியது. ஒருவரைப் பற்றிச் சட்டென்று முடிவு கட்டாமல் இருக்க நம்மைப் பழக்குகிற படிப்பு இது என்றுதான் உளவியலைச் சொல்வேன். அந்தப் பழக்கம் முதலாண்டில் கணக்கு வேஷத்தில் வருவதால் நிறையப் பேருக்கு அடையாளம் தெரிவதில்லை.

இந்த வெளிச்சத்தில் அப்பா விஷயத்தைப் பார். சின்ன வயதில் அடியும் கொடுமையும் பட்டவர்கள் பெரியவர்களானதும் குடிக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, உண்மைதான். அது ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. அடிபட்டும் குடிக்காதவர்கள் அதில் இருக்கிறார்கள், அடியே வாங்காமல் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். கூட்டத்தின் கணக்கை எடுத்து ஒரு மனிதர்மேல் ஒட்டி, "உங்களுக்கு இதுதான் காரணம்" என்று சொல்ல அந்த ஆய்வுகளே இடம் தரவில்லை. உன் அப்பாவின் காதில் விழுந்தது இரண்டு விஷயம்: தான் நோயாளி, தன் அப்பா கெட்டவர். பெற்ற பிள்ளை வாயிலிருந்து வந்தால் யாருக்குத்தான் தாங்கும்?

காரணம் தேடுவதை விட்டுவிட்டு அவருடைய நாளைப் பார். நீளக் கம்பில் அரிவாளை மாட்டி, தலையை அண்ணாந்து, உயரத்தில் இருக்கிற குலையை நாள் முழுக்க இழுத்து வெட்டுகிற வேலை. ஒரு குலை இருபது கிலோ வரும். கழுத்து, தோள், இடுப்பு எதுவும் சும்மா இருக்காது. வலி தாங்காமல் குடிக்கிறாரா, தூக்கம் வருவதற்காகக் குடிக்கிறாரா, நண்பர்களோடு உட்கார அது ஒன்றுதான் வழியென்று குடிக்கிறாரா என்று உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அவரிடம்தான் கேட்க வேண்டும். முதலில், "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா" என்று சொல்லிவிடு. சில நாள் போகட்டும். "தோள்வலி எப்படிப்பா இருக்கு?" என்று வேறு பக்கத்திலிருந்து பேச்சை எடு. குடிப்பழக்கம் உள்ளவர்களோடு வாதாடினால் அவர்கள் பழக்கத்துக்குச் சாதகமாகத்தான் பேசுவார்கள், அவர்களே தங்கள் வாயால் மாற்றத்தைப் பற்றிப் பேசும்படி கேட்க வேண்டும் என்று வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983ல் எழுதினார். இன்றைக்குக் குடி சிகிச்சையில் அந்த முறை பல நாடுகளில் பரவலாகக் கற்றுத்தரப்படுகிறது. இரண்டாம், மூன்றாம் ஆண்டில் உனக்கும் வரும்.

ஓர் எச்சரிக்கை. பல வருஷமாகத் தினமும் அதிகமாகக் குடிக்கிறவரை, "இன்னையிலேருந்து தொடாதீங்க" என்று ஒரே நாளில் நிறுத்தவைக்காதே. கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, சித்தக் கலக்கம் வரைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்த அவரே ஒத்துக்கொண்டாலும் கிளினிக்கில் சொல்லி, டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் பிறழ்நிலை உளவியல் என்ற பாடம் வரும்போது இப்படி எல்லாருக்கும் நோய்ப்பெயர் வைக்கிற ஆசை இன்னும் பெரிதாக வரும். பாடநூலைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் தெரிந்த முகம். அம்மாவுக்குப் பதற்ற நோய், அறைத்தோழிக்கு ஆளுமைக் கோளாறு, எனக்கே மனச்சோர்வு என்று தோன்றும். மருத்துவ மாணவர்களுக்கும் இப்படி ஒரு காலம் உண்டு. அந்தப் பக்கங்களில் அறிகுறிகளை மட்டும் படிக்காமல், கூடவே எழுதியிருக்கிற கால அளவையும் பாதிப்பையும் படி. மனச்சோர்வு நோய் என்று சொல்ல, ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு வாரம் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் இருக்க வேண்டும், வேலையோ படிப்போ உறவோ கெடும் அளவுக்கு இருக்க வேண்டும். அந்த அளவுக்கு உனக்கே இருக்கிறதென்று பட்டால் பாடநூலை மூடிவிட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆலோசனைப் பிரிவுக்குப் போ. அங்கே போவதால் மதிப்பெண் குறையாது. உளவியல் மாணவி போனால் என்ன நினைப்பார்கள் என்று கூச்சப்பட்டுப் போகாமல் இருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

சொந்தக்காரர்கள், "என் மனசுல என்ன இருக்குன்னு சொல்லு பார்ப்போம்" என்று கேட்பது நிற்காது. எனக்கும் இன்றுவரை நிற்கவில்லை. அதற்குக் கோபப்படாதே.

வெள்ளைக்காரர் சோதனை என்று சொன்னாயே, அந்தக் குறை நியாயமானது. உளவியலாளர்களே அதை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். 2008ல் ஜெஃப்ரி ஆர்னெட் என்பவர் அமெரிக்காவின் முன்னணி உளவியல் ஆய்விதழ்கள் ஆறை எடுத்து, அவற்றில் ஆராயப்பட்டவர்கள் யார் என்று பார்த்தார். 68 விழுக்காட்டினர் அமெரிக்கர்கள். ஐரோப்பா, ஆஸ்திரேலியா போன்ற மேலைத் தொழில் நாடுகளையும் சேர்த்தால் 96 விழுக்காடு. அந்த நாடுகளில் இருப்பது உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய 12 விழுக்காடுதான். அதோடு, 2015ல் நூறு ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். சுமார் 36 விழுக்காட்டில்தான் முடிவு முன்போல உறுதியாக வந்தது. இதைக் கேட்டு மனம் உடைந்துபோகிற மாணவர்கள் உண்டு. எனக்கு அந்தத் துறைமேல் மரியாதை கூடியது. தன் வீட்டு அழுக்கைத் தானே எண்ணி உலகத்துக்கு முன்னால் வைக்கிற படிப்பு அதிகம் இல்லை.

வெளியூர்ச் சோதனை என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடவும் கூடாது. 1974ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்கள் சிலவற்றைக் காட்டினார்கள். சிலரிடம் "கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்று கேட்டார்கள். சிலரிடம் "ஒன்றையொன்று தொட்டபோது என்ன வேகம்?" என்று கேட்டார்கள். முதல் கூட்டம் சராசரியாக மணிக்கு 41 மைல் என்றது, இரண்டாவது கூட்டம் 32 என்றது. இரண்டு கூட்டமும் பார்த்தது அதே படங்களைத்தான். கேள்வி கேட்டவரின் பேச்சு, பார்த்தவரின் நினைவுக்குள் புகுந்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவிடம் பேசும்போது, "வீட்டுக்காரர் அடிக்கிறாரா?" என்று நீயே எடுத்துக் கொடுக்காமல், "வீட்டுல என்ன நடக்குதுக்கா?" என்று ஏன் தொடங்க வேண்டும் என்பது அந்தச் சோதனையில்தான் இருக்கிறது. சாகிற எண்ணத்தைப் பற்றி மட்டும் நேராகக் கேட்டுவிடு. மற்றதை அவர் வாயால் வரவிடு.

நம் ஊரைப் பற்றிய ஆய்வு இல்லையென்றால் யார் செய்வது? கடைசி ஆண்டில் உனக்கு ஓர் ஆய்வேடு உண்டு. பெரும்பாலான மாணவர்கள் வகுப்புத் தோழர்களுக்கு கூகுள் ஃபாரம் அனுப்பி, கைப்பேசிப் பழக்கமும் மன அழுத்தமும் என்று முடித்துவிடுகிறார்கள். உன் அம்மா இரவு முழுக்கக் கையுறை பிரித்துவிட்டு, காலையில் சமைத்து, வெயில் ஏறும் நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழே தூங்க முயல்கிறார். அந்தத் தூக்கத்தை யாராவது அளந்திருக்கிறார்களா என்று நூலகத்தில் தேடிப் பார். இரவு வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்களின் தூக்கமும் மனநிலையும் என்று ஒரு தலைப்பு உன் வீட்டிலேயே இருக்கிறது. நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுத வேண்டும். படிவத்தை சூப்பர்வைசர் கையில் கொடுத்து வாங்கித்தரச் சொல்லக் கூடாது, முடியாது என்று சொல்ல அந்தப் பெண்களுக்கு வாய் வராது. சின்ன ஊரில் வயதையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் எழுதினாலே யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் விவரங்களைக் குறைக்க வேண்டும். இந்தக் கவலைகளெல்லாம் சும்மா வந்தவை இல்லை. 1961ல் ஸ்டான்லி மில்கிராம் செய்த சோதனையில், இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி தருகிறோம் என்று நம்பி 40 பேரில் 26 பேர் கடைசிப் பொத்தான் வரைக்கும் அழுத்தினார்கள். அப்போது அவர்கள் வியர்த்து நடுங்கியது தெரியவந்ததும், ஆராயப்படுகிறவரின் மனதைப் பற்றித் துறைக்குள் பெரிய விவாதம் எழுந்தது.

மதிப்பெண்ணுக்கு வருவோம். தமிழ்ப்பள்ளி, பிறகு மலாயில் இடைநிலைப்பள்ளி, இப்போது ஆங்கிலப் பாடநூல். நம் பிள்ளைகள் ஒவ்வொரு பத்தியையும் மஞ்சள் பேனாவால் தீட்டித் தீட்டி நாலைந்து முறை வாசிக்கிறார்கள், நீயும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். 2006ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களைப் பிரிவுகளாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு ஒரே பகுதியை நான்கு சுற்றிலும் படித்தது. இன்னொரு பிரிவு ஒரு சுற்றில் படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களுக்கு 40 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. நூலை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதிப் பார். பிறகு திறந்து, விட்டுப்போனதை ஆங்கிலத்தில் சேர். புள்ளியியலுக்கு எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் பொத்தானை மட்டும் அழுத்தக் கற்றுக்கொள்ளாதே. பத்து எண்களை வைத்துத் திட்ட விலகலைக் கையால் போட்டுப் பார், புரிந்துவிடும்.

பாட்டி சொல்வதைச் சிரித்துத் தள்ளிவிடாதே. தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிற உலு கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனை 1911ல் தொடங்கியது. பாட்டி சின்னப் பெண்ணாக இருந்தபோது அங்கே கொண்டுபோகப்பட்டவர்கள் பல வருஷம் திரும்பி வராமலே இருந்திருக்கிறார்கள். ஊரில் அந்தப் பெயர் வசவாகவே ஆனது. இப்போது மனநலச் சிகிச்சை பெறுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பொது மருத்துவமனைக்கும் கிளினிக்குக்கும் வந்து மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். இதைப் பாட்டிக்கு நிதானமாகச் சொல். அவருடைய உறவில் யாராவது அங்கே இருந்தார்களா என்றும் கேட்டுப் பார்.

கடைசியாக, மாறுவதா வேண்டாமா. முடிவு எடுப்பதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள். இளங்கலை உளவியல் மட்டும் படித்து ஒருவர் மருத்துவ உளவியலாளர் ஆக முடியாது. அதற்கு மருத்துவ உளவியலில் முதுகலை வேண்டும். இடம் குறைவு, நேர்முகத் தேர்வு உண்டு, இளங்கலையில் நல்ல சி.ஜி.பி.ஏ. (எல்லாப் பருவத்துக்கும் சேர்த்த தரப்புள்ளிச் சராசரி) கேட்பார்கள். 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது 774ஆம் சட்டம், 2020 ஜூலையில் நடப்புக்கு வந்தது. மருத்துவ உளவியலாளர் அதன் கீழ் வருகிறார், பதிவு இல்லாமல் தொழில் செய்யக் கூடாது. ஆலோசகராக வேண்டுமென்றால் அது வேறு சட்டம், 1998ஆம் ஆண்டின் 580ஆம் சட்டம். வாரியம் ஏற்றுக்கொண்ட ஆலோசனைப் படிப்பை முடித்து, ஆலோசகர் வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். உளவியல் பட்டம் அதற்குப் போதாது, மேலே ஆலோசனையில் முதுகலை செய்யலாம். மருந்து எழுதுகிற மனநல மருத்துவர் ஆக மருத்துவப் படிப்பிலிருந்துதான் போக வேண்டும். இளங்கலையோடு நிற்கிறவர்கள் மனிதவளத் துறை, ஆட்சேர்ப்பு, ஆய்வு உதவி, சிறப்புப் பிள்ளைகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சி மையங்கள் என்று போகிறார்கள். இதெல்லாம் கௌரவமான வேலை. ஆனால் மூன்று நான்கு வருஷம் முடித்ததும் மகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து நோயாளிகளைப் பார்ப்பாள் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தால், இப்போதே உண்மையைச் சொல்லிவிடு.

மனிதர்களோடு நேராக உட்கார்ந்து பேசத்தான் ஆசை, ஆய்வுமேல் மனமே போகவில்லை என்றால் தஞ்சோங் மாலிமில் உப்சி பல்கலைக்கழகத்திலோ, உங்கள் பக்கத்துக் கம்பாரில் உத்தார் பல்கலைக்கழகத்திலோ வழிகாட்டலும் ஆலோசனையும் என்ற படிப்பைப் பார்க்கலாம். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1975லிருந்து சமூகப் பணி கற்பிக்கிறார்கள், தோட்டத்துக் குடும்பங்களோடு வேலை செய்ய அதுவும் நல்ல வழி. அப்பாவைச் சரிசெய்ய வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் இந்தப் படிப்பை எடுத்திருந்தால், எந்தப் படிப்புக்கு மாறினாலும் அந்த ஏமாற்றம் கூடவே வரும். அதை ஓர் ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடு.

என்னைக் கேட்டால், இன்னும் ஓராண்டு இரு என்பேன். வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், உளவியல் சோதனை என்று நீ தேடிப்போன மனிதர்கள் இரண்டாம் ஆண்டில்தான் பாடத்துக்குள் வருகிறார்கள். முதலாண்டில் பட்ட கஷ்டத்துக்கு அர்த்தமும் அப்போதுதான் தெரியும். தமிழில் பேசி, தோட்டத்து வாழ்க்கை இன்னதென்று தெரிந்து சிகிச்சை தரக்கூடியவர்கள் இந்த நாட்டில் மிகக் கொஞ்சம். நீ வந்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்காக உன்னைப் பிடித்து வைக்க மாட்டேன்.

மாறத்தான் வேண்டுமென்று தீர்மானித்தால், பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் என்ன ஆகும் என்று அவர்கள் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். ஏற்கெனவே எடுத்த பணமும் புதுப் படிப்பின் கால அளவும் உன் கணக்கில்தான் விழும். இருப்பதென்று தீர்மானித்தால் இதையும் கேட்டுவை: இளங்கலையை முதல் வகுப்பில் முடிக்கிறவர்கள் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டாமல் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஒரு சி பிளஸ்ஸால் அந்த வாசல் மூடிவிடவில்லை. புள்ளியியலைத் திரும்ப எழுத உங்கள் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்று பருவம் தொடங்குவதற்குள் உன் கல்வி ஆலோசகருக்கு ஒரு மின்னஞ்சல் போடு. பாடப்பதிவு தொடங்கிவிட்டால் இடம் கிடைப்பது கஷ்டம்.